மாஃபெகிங் நகரத்துச் சிறுவர்கள்

நம் பங்குத் திருவிழாக்களில் தேர் செல்லும் வழியெங்கும் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குசெய்யும் சிறுவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர்ப் பந்தலில் குவளையும் கையுமாக நிற்பவர்களும், வழி தவறிய குழந்தையைத் தாயிடம் கொண்டு சேர்ப்பவர்களும் பல ஊர்களில் அவர்களே. காக்கி உடை, கழுத்திலே வண்ணத் துணி, நெஞ்சிலே சிறு சின்னம். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் யார் என்று அவர்களுள் எவனைக் கேட்டாலும் பேடன் பவல் என்று தயங்காது சொல்வான். சற்றுக் கெட்டிக்காரனாயிருப்பின், 1907-ஆம் ஆண்டு பிரவுன்சி தீவில் நடந்த முகாமையும் சேர்த்துச் சொல்வான். அந்த முகாமுக்கு எட்டாண்டுகளுக்கு முன்னர், தென்னாப்பிரிக்காவின் ஒரு சிற்றூரில், குண்டு மழைக்கு நடுவே கழுதை மீதும் மிதிவண்டி மீதும் சென்று கடமையாற்றிய சிறுவர் கூட்டம் ஒன்று உண்டு. இயக்கத்தின் முதல் விதை அங்கேதான் விழுந்தது. அந்தக் கதை பெருமைக்குரியது. அதன் மறுபாதியோ அத்துணைப் பெருமைக்குரியதன்று. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முறை.

மாஃபெகிங் பெரிய நகரமன்று. மொலோப்போ ஆற்றங்கரையில், அன்றைய டிரான்ஸ்வால் குடியரசின் எல்லைக்கு மிக அருகில், கேப் காலனியின் ஓரத்தில் அமைந்த இரயில்வே ஊர் அது. தகரக் கூரை வேய்ந்த வீடுகள், ஒரு சந்தைச் சதுக்கம், இரயில்வே பட்டறை, நீதிமன்றம், சில கடைகள். இவ்வளவே வெள்ளையர் பகுதி. 1885-இல் ஆங்கிலேயர் அங்கு வந்து குடியேறுவதற்கு முன்பே, பக்கத்திலே பரோலாங் மக்களின் ஊர் இருந்தது. வட்டக் குடிசைகளும் கால்நடைப் பட்டிகளுமாக ஆற்றோரம் பரந்து கிடந்த அவ்வூரை வெள்ளையர் 'ஸ்டாட்' என்றனர். பாறைகளின் இடம் என்று பொருள்படும் அம்மக்களின் ஊர்ப்பெயரையே ஆங்கில நாவு திரித்து மாஃபெகிங் ஆக்கிக்கொண்டது.

1899-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. போயர்கள் என்போர் அந்நாட்டில் நெடுங்காலம் முன்பே குடியேறிய டச்சு வழியினரான உழவர்கள். அம்மாதம் 13-ஆம் நாள் அவர்கள் மாஃபெகிங்கைச் சூழ்ந்துகொண்டனர். நகரைக் காக்கும் பொறுப்பு கர்னல் பேடன் பவலிடம் இருந்தது. பயிற்சி பெற்ற வீரரும் காவலரும் தொண்டருமாக ஏறத்தாழ 700 பேர். அவசரமாகத் துப்பாக்கி கொடுக்கப்பட்ட நகரவாசிகள் ஏறத்தாழ 300 பேர். இக்கணக்கை அவரே பின்னாளில் எழுதிய நூலில் தருகிறார். எதிரே நின்ற படையோ பன்மடங்கு பெரியது. ஆகவே பேடன் பவல் தந்திரத்தை நம்பினார். மணல் நிரப்பிய பெட்டிகளை நகரைச் சுற்றிப் புதைத்து, வெடிக்கும் கண்ணிகள் என்று செய்தி பரப்பினார். முள்கம்பி போதாத இடங்களில், இல்லாத கம்பியைக் காலைத் தூக்கித் தாண்டுவதுபோல வீரர்களை நடக்கச் செய்தார். தொலைவிலிருந்து நோக்கிய போயர்கள் அங்கே கம்பி வேலி இருப்பதாகவே எண்ணினர்.

தந்திரம் ஒருபுறமிருக்க, ஆள் பற்றாக்குறையை எப்படித் தீர்ப்பது? ஒவ்வொரு நாளும் யாரேனும் காயமுற்றனர்; யாரேனும் இறந்தனர். எஞ்சியவர்க்கு வேலை இரட்டித்தது. ஒரு கோட்டையிலிருந்து மற்றொரு கோட்டைக்கு ஓலை கொண்டுசெல்வதற்குக்கூடத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஒருவனை அனுப்ப வேண்டியிருந்தது. அந்நிலையில்தான் ஊர்ச் சிறுவர்கள் மீது பார்வை சென்றது. பார்த்தவர் பேடன் பவல் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அச்சிறுவரைத் திரட்டி, சீருடை அளித்து, அணிவகுப்புப் பழக்கியவர் தலைமைப் பணி அதிகாரியான மேஜர் எட்வர்டு செசில் பிரபு. இங்கிலாந்தின் அந்நாளைய பிரதமர் சாலிஸ்பரியின் மகன் அவர். பேடன் பவலே இதனை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

தொடக்கத்தில் பதினெட்டுப் பேர். பின்னர் நாற்பது பேர் வரை சேர்ந்தனர். வயது ஒன்பதிலிருந்து. காக்கி உடையும் தொப்பியும் தரப்பட்டன. அணியின் சார்ஜண்ட் மேஜர், பதின்மூன்று வயதினனான வார்னர் குட்இயர் என்னும் சிறுவன். பதின்மூன்று வயதுப் பிள்ளையைச் சாலை தாண்டிக் கடைக்கு அனுப்பவே நம் வீடுகளில் இன்று இருமுறை யோசிக்கிறோம்!

காவல் கோட்டைகளுக்கும் தலைமையகத்துக்கும் இடையே கட்டளைகளையும் கடிதங்களையும் கொண்டுசெல்வதே அவர்களின் முதற்பணி. பகைவரின் பெரும் பீரங்கி எப்பக்கம் திரும்புகிறது என்று உயரத்தில் நின்று காவல் பார்ப்பது இன்னொன்று. மருத்துவமனையிலும் அவர்கள் உதவினர். ஒரு சிறுவன் ஒரு கடிதத்தைக் கொண்டு சென்றால் ஒரு வீரன் தன் காவல் நிலையில் நிற்கலாம். கணக்கு அவ்வளவு எளியது.

தொடக்கத்தில் கழுதை மீது ஏறியே சென்றனர். நாளடைவில் தீவனம் அருகியது. மாட்டிறைச்சி தீர்ந்து குதிரையும் கழுதையும் உணவாயின. அதன்பின் மிதிவண்டி. சமவெளியான அந்நிலத்தில் மிதிவண்டியில் செல்பவனைப் பகைவர் நெடுந்தொலைவிலிருந்தே காண முடியும். குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையில் வந்து சேர்ந்த ஒரு சிறுவனைப் பார்த்து, இப்படியே போய்க்கொண்டிருந்தால் ஒருநாள் அடிபடுவாய் என்று பேடன் பவல் எச்சரித்தாராம். தான் மிதிக்கும் வேகத்துக்குக் குண்டுகள் தன்னைப் பிடிக்க மாட்டா என்று பையன் பதில் சொன்னானாம். இயக்கம் பரவிய நாடுகளிலெல்லாம் பாசறைத் தீயைச் சுற்றி அமர்ந்த சிறுவர்கள் இக்கதையைக் கேட்டிருக்கிறார்கள்.

எல்லாரையும் அவ்வாறு குண்டு விட்டுவைக்கவில்லை. அணியைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் எறிகுண்டுக்குப் பலியானான். வீரக் கதைகளில் இவ்வரி பெரும்பாலும் வேகமாகக் கடந்து செல்லப்படும். கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது வயது என்பது நம் பிள்ளைகள் புதுநன்மை வாங்கும் பருவம். ஆள் குறைந்த ஊரின் அவசரத்தை நாம் உணரலாம். செசில் பிரபுவைக் குறைகூற நமக்குத் தகுதியில்லாமலும் இருக்கலாம். ஆயினும் அந்த வீட்டின் கதவைத் தட்டிச் செய்தி சொன்னவர் யாரோ, அவர் நிலையை எண்ணாதிருக்க இயலவில்லை.

அந்த ஊரில் நம் திருச்சபையைச் சேர்ந்த சிலரும் இருந்தனர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அயர்லாந்திலிருந்து வந்த இரக்கத்தின் சகோதரிகள் முற்றுகைக்குச் சில மாதங்கள் முன்னர்தான் அங்கு மடம் அமைத்திருந்தனர். தாழ்ந்த வீடுகளே நிறைந்த ஊரில் அவர்களது மடம் மாடிக் கட்டடம். ஆதலால் பீரங்கிக்கு எளிதில் இலக்காயிற்று. பலமுறை குண்டடி பட்டது. தம் புது மடம் சிதைவதைப் பார்த்துக்கொண்டே கன்னியர் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அமைதி நிலவியது. போயர்கள் கடுமையான விவிலியப் பற்றுடையோர். ஆண்டவரின் நாளில் சுடுவதில்லை என்று இரு தரப்பும் இணங்கின. அந்த ஒரு நாளில் மக்கள் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து வழிபட்டனர், சந்தைக்குச் சென்றனர், விளையாடினர். ஓய்வுநாளில் ஆங்கிலேயர் கிரிக்கெட் ஆடுவது தகுமா என்று போயர் தளபதி ஆட்சேபம் தெரிவித்ததும் உண்டு.

1900 ஏப்ரலில் நகரில் அஞ்சல் தலைகள் தீர்ந்துபோயின. கட்டட வரைபடங்களை நகலெடுக்கும் நீல வண்ண முறையைக் கொண்டு உள்ளூரிலேயே அச்சிட்டனர். மூன்று பென்னி தலையில் பேடன் பவலின் முகம். ஒரு பென்னி தலையில், மிதிவண்டி மேல் அமர்ந்த சிறுவன் வார்னர் குட்இயர். அரசியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கர்னலின் முகமா என்று பின்னால் சலசலப்பு எழுந்தது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றார் பேடன் பவல். சிறுவனின் முகத்தைப் பற்றி எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை. இன்று அந்நீலத் தலைகள் சேகரிப்போரிடம் பெருமதிப்புடையவை.

அந்தத் தலைகள் நகருக்குள்ளும் கோட்டைகளுக்கும் செல்லும் கடிதங்களுக்கு மட்டுமே. முற்றுகையைக் கடந்து வெளியுலகுக்குச் செல்ல வேண்டிய கடிதங்களை யார் கொண்டு சென்றார்கள்? இங்கேதான் கதையின் மறுபாதி தொடங்குகிறது.

அவற்றைக் கொண்டு சென்றவர்கள் கறுப்பின ஓட்டக்காரர்கள். இருள் கவிந்ததும் போயர் காவலுக்கிடையே ஊர்ந்து, புல்வெளியைக் கடந்து, வடக்கே இருந்த ஆங்கிலப் படையையோ தந்தி நிலையத்தையோ அடைந்தனர். பிடிபட்டவர்களில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இலண்டன் நாளிதழ்கள் மாஃபெகிங்கின் வீரத்தைப் பற்றி அச்சிட்ட செய்திகளெல்லாம் அவர்களது கால்களால் சென்றவையே. அவர்களுள் எவரது படமும் அஞ்சல் தலையில் இடம்பெறவில்லை.

நகரத்திலும் ஸ்டாட்டிலுமாக ஏறத்தாழ 7,000 கறுப்பின மக்கள் முற்றுகைக்குள் சிக்கியிருந்தனர் என்று பேடன் பவல் எழுதுகிறார். பரோலாங் ஆடவர் துப்பாக்கி ஏந்தித் தம் ஊரின் எல்லையைக் காத்தனர். 1900 மே 12-ஆம் நாள் விடியுமுன், டிரான்ஸ்வால் தலைவர் குரூகரின் பேரனான சாரெல் எலோஃப் ஸ்டாட்டின் வழியே நகருக்குள் புகுந்து குடிசைகளுக்குத் தீ வைத்தபோது, அவனுக்குப் பின்னால் வழியை அடைத்து மேலும் படை வராமல் தடுத்ததில் பரோலாங் வீரர்களின் பங்கு பெரிது. எலோஃப் சிறைப்பட்டான். ஐந்து நாட்களுக்குப் பின், மே 17 அன்று, துணைப்படை வந்து சேர்ந்தது. முற்றுகை 217 நாட்கள் நீடித்திருந்தது.

உணவுப் பங்கீட்டில் வெள்ளையருக்கு ஓர் அளவு. கறுப்பினத்தவருக்கு வேறோர் அளவு. ஓட்ஸ் உமியில் காய்ச்சிய கஞ்சியும் குதிரை இறைச்சி இரசமும் வழங்கும் கூடங்கள் திறக்கப்பட்டன, அவை போதவில்லை. சுரங்க ஊர்களிலிருந்து ஓடிவந்து நகரில் அடைக்கலம் புகுந்திருந்த அகதிகளே மிகுதியாக மடிந்தனர். பசியினால் திருடியோருக்குக் கடுந்தண்டனை கிடைத்தது. சிலருக்கு மரண தண்டனையும் உண்டு. பேடன் பவல் இதில் எவ்வளவு குற்றவாளி என்பதில் வரலாற்றாசிரியரிடையே ஒருமைப்பாடில்லை. 1979-இல் தாமஸ் பாக்கன்ஹாம் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். 1989-இல் பேடன் பவலின் வாழ்க்கையை விரிவாக எழுதிய டிம் ஜீல் அதில் ஒரு பகுதியை மறுத்தார். பங்கீடு சமமாயிருந்தது என்று மட்டும் இருவருமே சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் அருகிருந்து பார்த்த ஓர் இளைஞர் அந்நகரிலேயே இருந்தார். அவர் சாலமன் பிளாட்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், வயது இருபத்துமூன்று. பல மொழிகள் கற்றவர். முற்றுகை நாட்களில் அவர் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார். ஓட்டக்காரர்களின் வருகையும் போக்கும், பட்டினியும், பீரங்கி ஓசையும், இடையிடையே ஒரு நகைச்சுவையும் அதில் பதிவாகியுள்ளன. பிளாட்கி பின்னர் 1912-இல், இன்றைய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முன்னோடியான அமைப்புக்கு முதற் பொதுச் செயலாளர் ஆனார். அவரது நாட்குறிப்போ பல்லாண்டுகள் குடும்பத்தாரின் தாள்களுக்கிடையே கிடந்து, 1969-இல் வெளிப்பட்டு, 1973-இல்தான் நூலாயிற்று.

இனி அந்தச் சிறுவரின் கதை எவ்வாறு உலகளாவிய இயக்கமாயிற்று என்பதைச் சுருங்கக் காண்போம். மாஃபெகிங் மீட்கப்பட்ட செய்தி இலண்டனை எட்டிய இரவில் மக்கள் தெருக்களில் ஆடிப்பாடினர். பேடன் பவல் ஒரே நாளில் இங்கிலாந்தின் நாயகரானார். படைவீரருக்கென அவர் எழுதி 1899-இல் வெளியான ஒற்றறியும் கலை பற்றிய சிறுநூலை ஆசிரியர்களும் சிறுவரும் தேடிப் படிக்கலாயினர். இதைக் கண்டு வியந்த அவர், சிறுவருக்கென்றே வேறொன்று எழுத முனைந்தார். எழுதுமுன் சோதித்துப் பார்க்கவே 1907 ஆகஸ்டில் பிரவுன்சி தீவில் ஏறத்தாழ இருபது சிறுவருடன் முகாமிட்டார். செல்வர் பள்ளி மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் கலந்து தங்கினர். ஓநாய், காளை, அண்டங்காக்கை முதலிய பெயர்களுடைய சிறு அணிகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவனாயிருந்தான். ஒரு பையனை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தால் அவன் அதைத் தாங்குவான் என்பதற்கு மாஃபெகிங்கில் கண்ட காட்சி அவருக்குச் சான்றாயிருந்தது. 1908 ஜனவரியில் தொடங்கி, இரு வாரங்களுக்கொரு பகுதியாக ஆறு பகுதிகளில் அவரது நூல் வெளிவந்தது. அதன் முதற் பாசறைத் தீ உரையிலேயே மாஃபெகிங் சிறுவர்கள் வந்துவிடுகிறார்கள். மறு ஆண்டு இலண்டன் படிகமாளிகையில் பதினோராயிரம் சிறுவர் கூடினர். அழையாமலே வந்து நின்ற சிறுமியரைக் கண்டு, அவர்களுக்கென 1910-இல் தனி இயக்கம் தொடங்க வேண்டியதாயிற்று.

அந்நூலில் சாரணச் சட்டம் என்று சில விதிகள் உண்டு. நான்காவது விதிப்படி, சாரணன் எல்லார்க்கும் நண்பன். மற்ற ஒவ்வொரு சாரணனுக்கும், அவன் எந்த வகுப்பினனாயினும், உடன்பிறப்பு. மிக உயர்ந்த விதிதான். ஆனால் சாரணனாகச் சேரவே விடாமல் ஒருவனை வாயிலில் நிறுத்திவிட்டால், அவ்விதியை மீறாமலே மீறிவிடலாம் அன்றோ?

தென்னாப்பிரிக்காவில் நடந்தது அதுவே. 1908 முதலே அங்கே சாரணர் குழுக்கள் தோன்றின. அவை வெள்ளைச் சிறுவருக்கு மட்டும். கறுப்பினச் சிறுவர் விண்ணப்பித்தபோது கதவு திறக்கவில்லை. 1922-இல் மறைத்தளப் பள்ளிகளைச் சார்ந்து 'பாத்ஃபைண்டர்' என்னும் தனி இயக்கம் அவர்களுக்கெனத் தொடங்கியது. வழி காண்போர் என்பது அதன் பொருள். பயிற்சி ஏறத்தாழ அதே பயிற்சி. சாரணன் என்ற பெயர் மட்டும் கூடாது.

இதிலே நெஞ்சை உறுத்தும் முரண்பாடு ஒன்றுண்டு. பிரவுன்சி தீவில் சிறுவரைத் துயிலெழுப்ப ஊதப்பட்டது, பேடன் பவல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கூடு மானின் கொம்பு. சாரண ஆசிரியர்கள் உயர்பயிற்சி முடித்தபின் கழுத்தில் அணியும் மர மணிகள் 1919-இல் முதன்முதலில் வழங்கப்பட்டவை. சூலு அரசர் தினுசூலுவுடையது எனக் கூறப்படும் மாலையிலிருந்து எடுக்கப்பட்டவை. அம்மணிகளைக் கோத்த தோல் வார், மாஃபெகிங் முற்றுகையின் போது சோர்ந்திருந்த பேடன் பவலுக்கு ஆப்பிரிக்க முதியவர் ஒருவர் ஆறுதலாகத் தந்தது என்று இயக்கத்தார் சொல்வர். கொம்பும் மணியும் வாரும் இயக்கத்துக்குள் வந்துவிட்டன. அவற்றைத் தந்த மக்களின் பிள்ளைகள் வெளியே நின்றனர்.

நம் நாட்டிலும் தொடக்கம் அவ்வாறே. 1909-இல் பெங்களூரில் தொடங்கிய முதற் குழு ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவருக்கே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவர் விலக்கப்படுவதைப் பொறாத அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையுடன், 1917-இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். நம் தமிழகப் பிள்ளைகள் தலைப்பாகையுடன் சாரணரானது அப்போதுதான். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது நேரில் பேசித் தடையை நீக்கி, அச்சங்கத்தைப் பொது இயக்கத்துடன் இணைத்துக்கொண்டார். பதினைந்தாண்டுகள் கழித்து, 1936-இல் தென்னாப்பிரிக்காவில் அவருக்கு அதே வெற்றி கிட்டவில்லை. ஐரோப்பியர், கலப்பினத்தவர், ஆப்பிரிக்கர், இந்தியர் என நான்கு தனித்தனிப் பிரிவுகள் ஒரே குடையின் கீழ் நிற்கலாம் என்ற அளவுக்கே அங்குள்ளோர் இசைந்தனர். அங்கே கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று குடியேறிய நம்மவரின் பேரப்பிள்ளைகளுக்கும் அவ்வாறு ஒரு தனி வரிசை. 1941 ஜனவரியில் கென்யாவில் பேடன் பவல் காலமானபோதும் நிலைமை அதுவே. அதன்பின் வந்த இனஒதுக்கல் ஆட்சி அச்சுவர்களை மேலும் உயர்த்தியது.

1977 ஜூலையில்தான் அந்நான்கு பிரிவுகளும் ஒன்றாயின. இனஒதுக்கல் சட்டங்கள் நடைமுறையிலிருந்தபோதே, நாடு மாறுவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, இயக்கம் இதைச் செய்தது என்பதைப் பாராட்டாக எழுதலாம். கழுதை மீது ஏறிய முதற் சிறுவனிலிருந்து எண்ணினால் எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

ஊரின் பெயர் 1980-இல் மாஃபிகெங் என்றும், 2010-இல் மாஹிகெங் என்றும் திருத்தப்பட்டது. பாறைகளின் இடம் என்னும் பொருளுடைய பழைய பெயருக்கு அது திரும்பியிருக்கிறது. பரோலாங் மக்கள் எக்காலத்தும் அதனை வேறு பெயரால் அழைத்ததில்லை.